பிரீமியம் சுருட்டு: எல்லாம் ஈரப்பதம் செய்யும் வேலை! ஹியூமிடார் முதல் வண்டு வரை முழு விளக்கம்

1962 பிப்ரவரி. அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்கிறார். 'நாளைக் காலைக்குள் எனக்கு 1,000 கியூபா சுருட்டு வேணும்' என்பதுதான் அந்த வேலை. சாலிஞ்சர் கடை கடையாக அலைந்து 1,200 பெட்டிட் அப்மேன் சுருட்டுகளோடு மறுநாள் வந்து நிற்கிறார். திருப்தியான கென்னடி மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். கியூபப் பொருட்கள் அமெரிக்காவுக்குள் வருவதற்கான தடை உத்தரவு அது. சாலிஞ்சரே பின்னாளில் எழுதிய கதை இது.

சுருட்டு ரசிகர்கள் இந்தக் கதையை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கூடவே ஒரு சந்தேகமும் வரும். 1,200 சுருட்டையும் ஒரே நாளில் பிடித்துவிட முடியாது. மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்க வேண்டும். அது எப்படி?

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒரு பெட்டி கொடுத்திருப்பார். ஆபீஸ் பார்ட்டியில் ஒன்று கைக்கு வந்திருக்கும். டியூட்டி ஃப்ரீ கடையில் ஆசையாக வாங்கி, வீட்டில் பீரோவுக்குள் போட்டு மறந்திருப்பீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்தால் சருகு மாதிரி நொறுங்கும், இல்லையென்றால் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். ஏன் இப்படி ஆகுது? சரி செய்ய முடியுமா? கடைசியில், இதெல்லாம் உடம்புக்கு என்ன செய்யும்? பார்க்கலாம்.

'பிரீமியம்' என்றால் என்ன?

விலை அதிகம் என்பதால் மட்டும் ஒரு சுருட்டு பிரீமியம் ஆகிவிடாது. முழுக்கக் கையால் சுற்றியிருக்க வேண்டும். உள்ளே தூள் புகையிலை இல்லாமல் நீளமான இலைகள் இருக்க வேண்டும். ஃபில்டர், செயற்கை வாசனை எதுவும் கூடாது. பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இதுதான்.

ஒரு சுருட்டுக்கு மூன்று அடுக்கு உண்டு. நடுவில் உள்இலைகள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை. கடைசியாக, கண்ணுக்குத் தெரியும் மேல்இலை. மேல்இலை பார்க்க அழகாக, நரம்பு தெரியாமல் இருக்க வேண்டும் என்பதால் கியூபாவில் அதற்கான செடிகளைத் துணிப் பந்தலின் நிழலில் வளர்க்கிறார்கள். உள்இலையிலும் வகை உண்டு. செடியின் உச்சியில், வெயில் நன்றாகப் படும் இடத்தில் வளரும் 'லிஹேரோ' காரமானது, மெதுவாக எரியும். 'செக்கோ' மணத்துக்கு. 'வொலாடோ' சீராக எரிவதற்கு. இவற்றை எந்த அளவில் கலப்பது என்பதுதான் ஒவ்வொரு பிராண்டின் ரகசியம்.

கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ பகுதிதான் இந்தத் தொழிலில் புகழ்பெற்ற மண். 1960-ல் கியூப அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமை ஆக்கியதும், பல குடும்பங்கள் தொழிலை எடுத்துக்கொண்டு வெளியேறின. டொமினிக்கன் குடியரசு, நிகரகுவா, ஹோண்டுராஸ் நாடுகள் இன்று சுருட்டில் பெரிய பெயர்களாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். மான்டேகிரிஸ்டோ என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சுருட்டுகள், ஒன்று கியூபாவிலும் இன்னொன்று வெளியிலும் கிடைப்பதற்கும் இந்தப் பிரிவினைதான் காரணம்.

நம்ம ஊர் சொல்தான்!

ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல் தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து போனது. இரண்டு முனையும் வெட்டிய, நேரான சுருட்டுக்கு அந்தப் பெயர். திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டு பிரிட்டிஷ் காலத்தில் கடல் தாண்டிப் போய்ப் பெயர் வாங்கியது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சம்பவ இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் திருச்சி சுருட்டுக்கும் ஹவானா சுருட்டுக்கும் பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்டிக்கடை பாட்டிலில் இருக்கும் சுருட்டு காய்ந்தே இருக்கும், அப்படியே பற்ற வைப்பார்கள். ஹவானா வகை சுருட்டு காயவே கூடாது.

ஏன் ஈரப்பதம் இவ்வளவு முக்கியம்?

புகையிலை, ஸ்பாஞ்ச் மாதிரி. சுற்றியுள்ள காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி உப்பும், குறைந்தால் வெளியே விட்டுச் சுருங்கும். காய்ந்த சுருட்டு வேகமாக, சூடாக எரியும். வாய் எரியும், கசக்கும். அதோடு இலையில் உள்ள எண்ணெய்கள் மெல்ல ஆவியாகிவிடும். ஈரத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், போன எண்ணெயைக் கொண்டுவர முடியாது. ஈரம் அதிகமான சுருட்டில் புகை வராது, அடிக்கடி அணையும், பூஞ்சையும் பிடிக்கும்.

பாதுகாப்பான இடைவெளி: ஈரப்பதம் 65 முதல் 70 சதவிகிதம். வெப்பநிலை 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் வராது.

ஹியூமிடார்: மரப்பெட்டிக்குள் என்ன இருக்கு?

ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டிதான் ஹியூமிடார். உள்பக்கம் பெரும்பாலும் 'ஸ்பானிஷ் சிடார்' மரப்பலகை இருக்கும். பெயரில் ஸ்பெயினும் தேவதாருவும் இருந்தாலும் அது இரண்டும் கிடையாது. தென், மத்திய அமெரிக்காவில் வளரும் மரம் அது. தாவரவியலில் நம்ம வேப்பமரத்தின் குடும்பம்! ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும், நல்ல மணமும் கொடுக்கும்.

புதுப் பெட்டி வாங்கியதும் சுருட்டை உள்ளே அடுக்கிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. காய்ந்த பலகை, சுருட்டில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் பெட்டியை முதலில் 'பழக்க' வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் (இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதுதான்) வைத்துப் பெட்டியை மூடி சில நாள் விடலாம். இல்லையென்றால் இதற்காகவே விற்கும் 84 சதவிகித ஈரப்பத பாக்கெட்டை இரண்டு வாரம் உள்ளே போட்டு வைக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு படியும், பூஞ்சைக்கும் வழி விடும். ஈரத்துணியால் பலகையைத் துடைப்பதும் ஆபத்து, மரம் வளைந்துவிடும்.

பெட்டியோடு வரும் மீட்டரை அப்படியே நம்பிவிடக் கூடாது. வீட்டிலேயே அதைச் சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையாமல், ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் லாக் கவருக்குள் வைத்து, காற்றுப் போகாமல் மூடி ஒரு நாள் விடுங்கள். கவருக்குள் ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் வந்து நிற்கும், அது இயற்பியல் விதி. மீட்டர் 71 காட்டினால், உங்கள் மீட்டர் எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

பெட்டி வாங்க பட்ஜெட் இல்லையா? கிச்சனில் இருக்கும் ஏர்டைட் பிளாஸ்டிக் டப்பா போதும். மசாலா வாசனை இல்லாத புது டப்பாவாக இருக்கட்டும். உள்ளே 65 அல்லது 69 சதவிகித பாக்கெட் ஒன்று போட்டால், ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் உறிஞ்சும். மரப்பெட்டியைவிட இது ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும் என்பதே பலரின் அனுபவம்.

சென்னை வெயிலில் என்ன ஆகும்?

சுருட்டுப் பராமரிப்பு பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுவிடும். அதனால் 'தண்ணீர் சேருங்கள்' என்பதே முதல் அறிவுரையாக இருக்கும்.

சென்னையில் கதை தலைகீழ். கடல் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம், வெயிலும் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். இங்கே வரும் பிரச்சினை பூஞ்சையும் வண்டும். இன்னொரு சிக்கல் ஏசி. இரவு முழுக்க ஓடும் ஏசி காற்றைக் காய வைக்கும், காலையில் அணைத்ததும் வெப்பமும் ஈரமும் திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மேல்இலை வெடிக்கிறது.

அப்போ ஃபிரிட்ஜ்ல வச்சிடலாமா? வேண்டாம். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் உள்காற்றை வறள வைக்கும். மீன் குழம்பு வாசனை வேறு இலையில் ஏறிவிடும். வெயில் படாத, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டு பரவாயில்லை. நிறைய வைத்திருப்பவர்கள், வெப்பநிலையை 18 டிகிரி அளவில் வைக்கக்கூடிய ஒயின் கூலரைப் பயன்படுத்துகிறார்கள்.

வண்டு வந்துடுச்சா?

சுருட்டில் குண்டூசி குத்தியது போல வட்டமான சின்ன ஓட்டை தெரிந்தால், அது சிகரெட் வண்டின் வேலை. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். மஞ்சள், மிளகாய், மல்லி டப்பாவில் வரும் வண்டுகளில் இதுவும் ஒன்று. முட்டை இலையிலேயே இருந்திருக்கலாம். வெப்பநிலை 24 டிகிரியைத் தாண்டி நீடித்தால் முட்டை பொரிக்கும் வாய்ப்பு கூடும்.

ஓட்டை விழுந்த சுருட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மற்றவற்றை இரட்டைக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். முதலில் ஒரு நாள் ஃபிரிட்ஜில். பிறகு மூன்று நாள் ஃப்ரீசரில். திரும்ப ஒரு நாள் ஃபிரிட்ஜில். அதன்பிறகு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் கவரைத் திறக்கலாம். நேராக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் இலை வெடிக்கும். பெட்டியைக் காலி செய்து, மூலை முடுக்கெல்லாம் உதறிச் சுத்தம் செய்ய மறக்காதீர்கள்.

வெள்ளையா இருக்கே... பூஞ்சையா, 'ப்ளூமா'?

பழுத்த சுருட்டில் எண்ணெய் படிகமாகி வெள்ளைப் பொடி போலப் படியும், அதற்குப் பெயர் 'ப்ளூம்', அது தரத்தின் அடையாளம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நடைமுறையில் அப்படிச் சொல்லி விற்கப்படுவதில் பெரும்பாலானவை பூஞ்சைதான் என்று அனுபவசாலிகள் பலர் சொல்கிறார்கள். பஞ்சு போல முளைத்திருந்தாலோ, பச்சை, நீல நிறம் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். பற்ற வைக்கும் முனைக்குள் பூஞ்சை தெரிந்தால் அந்தச் சுருட்டு குப்பைக்குத்தான். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும்.

வெட்டுவது, பற்ற வைப்பது, இழுப்பது

சுருட்டின் தடிமனை 'ரிங் கேஜ்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 'ரொபஸ்டோ' 50 ரிங், கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் தடிமன். இது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை எரியும்.

மூடிய முனையில் தொப்பி போல ஒரு சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும். சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும் வெட்ட வேண்டும். தொப்பியின் கோட்டைத் தாண்டி வெட்டினால் மேல்இலை முழுவதும் பிரிந்துவிடும். பற்ற வைக்க கேஸ் லைட்டர் அல்லது தீக்குச்சி. தீக்குச்சி என்றால் மருந்து முழுவதும் எரிந்து முடிந்த பிறகு. மெழுகுவர்த்தியோ பெட்ரோல் லைட்டரோ வேண்டாம், அந்த வாசனை இலையில் ஏறும். தீ நேரடியாகப் படாமல், முனையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சூடாக்கிய பிறகுதான் இழுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது ரசிகர்கள் சொல்லும் கணக்கு. புகையை வாயோடு நிறுத்தி வெளியே விடுவார்கள். முடிந்ததும் சிகரெட் போல நசுக்க மாட்டார்கள், ஆஷ்டிரேயில் வைத்தால் தானாகவே அணையும்.

பிரச்சினையும் தீர்வும்

*இழுத்தால் புகையே வரலை:* ஈரம் அதிகம், அல்லது இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அடைப்பு இருக்கும் இடத்தில் விரல்களால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். அதே பெட்டியில் எல்லாமே இப்படி என்றால் ஈரப்பதத்தை 65-க்குக் குறைத்து சில வாரம் விடுங்கள்.

*ஒரு பக்கம் மட்டும் எரியுது:* காற்று ஒரு பக்கமாக அடிக்கலாம், அல்லது பற்ற வைத்தது சீராக இல்லை. எரியாத பக்கத்தில் லேசாகத் தீ காட்டுங்கள். உட்காரும் இடத்தை மாற்றினாலே பாதி சரியாகும்.

*நடுவில் குழி விழுந்து வெளிப்பக்கம் எரியாமல் நிற்குது:* மேல்இலை ஈரமாக இருக்கிறது, அல்லது ரொம்ப மெதுவாக இழுக்கிறீர்கள். சாம்பலைத் தட்டிவிட்டு ஓரத்தைச் சுற்றித் தீ காட்டலாம்.

*அடிக்கடி அணையுது:* சாம்பலைத் தட்டி, உள்ளே தேங்கிய பழைய புகை போக ஒருமுறை ஊதிவிட்டு மறுபடி பற்ற வைக்கலாம். அணைந்து சில மணி நேரம் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள், கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.

*மேல்இலை வெடிச்சிருச்சு:* ஈரப்பதம் திடீரென மாறியதன் விளைவு. சின்ன வெடிப்பு என்றால் பெக்டின் போன்ற உண்ணக்கூடிய பசையால் ஒட்டலாம். ஃபெவிகால், செல்லோடேப் கூடவே கூடாது.

*காய்ஞ்சு போன பழைய சுருட்டு:* அவசரப்பட்டுத் தண்ணீர் தெளித்தால் உள்ளே உப்பி, வெளியே வெடிக்கும். 62 சதவிகிதத்தில் சில வாரம், பிறகு 65, பிறகு 69 என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகலாம்.

*தலை சுத்துது, குமட்டுது:* இது சுருட்டில் வரும் கோளாறு கிடையாது. உடம்பில் நிக்கோட்டின் அதிகமாகிவிட்டது. உடனே நிறுத்திவிட்டு, காற்றோட்டமாக உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். வாந்தி நிற்கவில்லை, படபடப்பு குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

'உள்ளே இழுக்கலைன்னா ஆபத்து இல்லை': உண்மையா?

இந்தப் பொழுதுபோக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் இது. பதில்: இல்லை.

சிகரெட் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது, அதன் நிக்கோட்டின் நுரையீரல் வழியாகத்தான் முக்கியமாக உடம்பில் ஏறும். காற்றில் உலர்த்திப் புளிக்க வைத்த சுருட்டு இலையின் புகை காரத்தன்மை கொண்டது. அதில் இருக்கும் நிக்கோட்டினை வாயின் உள்தோலே உறிஞ்சிவிடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் தலை சுற்றுவது இதனால்தான். அடிமையாகும் வாய்ப்பு வருவதும் இதனால்தான். அளவையும் கவனியுங்கள். ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவாகவே புகையிலை இருக்கும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும்.

வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கும் சுருட்டுக்கும் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. எவ்வளவு அடிக்கடி பிடிக்கிறார், எவ்வளவு ஆழமாக இழுக்கிறார் என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும். கையால் சுற்றியது, ரசாயனம் சேர்க்காதது என்பதெல்லாம் எரிந்து வரும் புகையை மாற்றாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே புகைதான்.

வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் டோனல்சன் கோட்டை வெற்றிக்குப் பிறகு, ஜெனரல் யுலிசஸ் கிராண்டுக்கு மக்கள் சுருட்டுப் பெட்டிகளை அன்பளிப்பாக அனுப்பிக் குவித்தார்கள். சுருட்டும் கையுமாக இருந்த கிராண்ட், அதிபராகவும் இருந்துவிட்டு 1885-ல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். உளவியல் மேதை சிக்மண்ட் ஃபிராய்டு நாளுக்குச் சுமார் 20 சுருட்டு பிடித்தவர். 1923-ல் வாயில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த 16 ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். இருந்தும் அவரால் சுருட்டை விட முடியவில்லை. மனித மனதின் பழக்கங்களை அவ்வளவு ஆராய்ந்தவருக்கே அந்த நிலைமை.

இந்தியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது குற்றம். பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது. இரண்டும் சுருட்டுக்கும் பொருந்தும்.

கையில் ஒரு பெட்டி இருந்தால்?

பிடிக்கும் பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. யாராவது கொடுத்த பெட்டி வீட்டில் இருக்கிறது என்றால், ஏர்டைட் டப்பா, 65 சதவிகித பாக்கெட், வெயில் படாத அலமாரி. இந்த மூன்றும் இருந்தால் போதும், முடிவெடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். நல்ல நிலையில் இருக்கும் பெட்டியைப் பிடிப்பவர் ஒருவருக்கு அப்படியே கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே பிடிப்பவர், எப்போதோ ஒன்று என்று ஆரம்பித்தது வாரம் ஒன்றாகி, இப்போது சாயங்காலம் ஆனால் கை தேடுகிறது என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வதை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண்: 1800-11-2356. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹியூமிடார் சுருட்டைப் பல ஆண்டுகள் கெடாமல் காப்பாற்றும். பிடிப்பவரைக் காப்பாற்ற அப்படி ஒரு பெட்டி இன்னும் வரவில்லை.